ஒன்றும் கிடைக்காத வயல்

1881 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். ஒரு குண்டு உடம்புக்குள் தங்கிவிட்டது. எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், உலோகம் அருகே வந்தால் காதில் ஒலி கேட்கும்படி ஒரு கருவியைச் செய்து வெள்ளை மாளிகைக்கு எடுத்துப்போனார். உள்நாட்டுப் போரில் குண்டு பாய்ந்து, அதை உடம்பிலேயே சுமந்துகொண்டிருந்த முன்னாள் வீரர்கள்மேல் வைத்துப் பார்த்தபோது கருவி ஒழுங்காகவே பேசியிருந்தது. கார்ஃபீல்டின் படுக்கையில் மட்டும் ஒரே குழப்பம். மெத்தைக்குள் எஃகுச் சுருள்கள் இருந்தது பிறகுதான் பெல்லுக்குத் தெரிந்தது. குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் பிளிஸ் பிடிவாதமாக நம்பியதால் தேடலும் அந்தப் பக்கத்திலேயே நடந்தது. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது.

மெட்டல் டிடெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய நாட்களில் இந்தக் கதையை நான் பலமுறை நினைத்ததுண்டு. கருவி கெட்டுப்போகவில்லை. சுற்றிலும் வேறு இரும்பு. தேடிய இடம் தப்பு. அந்த இடத்தைச் சொன்னவர் தன் நம்பிக்கையைச் சோதிக்கவே இல்லை. ஒரு வயலில் எட்டு மணி நேரம் நடந்து ஒன்றும் கிடைக்காமல் போவதற்கு இன்றும் பெரும்பாலும் இவைதான் காரணம்.

நான் இருப்பது கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில். ஒன்பது ஆண்டுகளாக, பெரும்பாலும் கோதுமை அறுத்து முடித்ததும் அடுத்த விதைப்புக்கு முன் கிடைக்கும் சில வாரங்களில், விவசாயிகளிடம் அனுமதி வாங்கி அவர்கள் நிலத்தில் தேடுகிறேன். இங்கே நில உரிமையாளரின் சம்மதம் இருந்தால், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்களைத் தவிர்த்து, எவரும் தேடலாம். (ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்து ஆசைப்பட வேண்டாம். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.)

இந்தப் பொழுதுபோக்கில் சோர்ந்துபோனவருக்கு எல்லோரும் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. "விடாமல் போய்க்கொண்டே இரு, உனக்கும் ஒரு நாள் வரும்." அன்போடு சொல்லப்படுவதுதான். பாதி உண்மையும்கூட. மறுபாதிதான் ஆளைக் கெடுக்கிறது. கிடைக்காததை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிட்டால் எதையும் திருத்த வேண்டியதில்லை. அதே தவறை இன்னும் கூடுதல் மணி நேரம் செய்தால் போதும் என்றாகிவிடுகிறது. வெறும் நாளும் ஒரு தகவல் என்பது என் கட்சி. அதை வாசிக்கப் பழகாத வரை இந்தத் தேடலின் பெரிய பலமான பொறுமையே அதன் பெரிய குறையாகவும் இருந்துகொண்டிருக்கும்.

என் இரண்டாம் ஆண்டில் நான்கு மாதம் தொடர்ந்து ஒன்றும் இல்லை. துருப்பிடித்த ஆணிகள், தகரத் துண்டுகள், ஒரு டிராக்டர் போல்ட். பழியைக் கருவிமேல் போட்டேன். ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்குமேல் கொடுத்துப் புதியது வாங்கினேன். அதிலும் அதே ஆணிகள். எங்கள் குழுவில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு சனிக்கிழமை அவர் தன் தோட்டத்தில் ஆறு அங்குல ஆழத்தில் பழைய ஆறு பென்ஸ் வெள்ளிக்காசு ஒன்றைப் புதைத்து, மேலே ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிட்டு, "இதன்மேல் வீசு" என்றார். வீசினேன். காசு இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்தே வீசுகிறேன், ஹெட்போனில் சத்தமே இல்லை. அவர் கீழே உட்கார்ந்து, வீச்சின் இரு முனைகளிலும் கருவியின் அடித்தட்டான காயில் தரையிலிருந்து எவ்வளவு எழும்புகிறது என்று தன் கையாலேயே அளந்து காட்டினார். ஒரு சாண். கதிர் அறுக்கிற மாதிரி வளைத்து வீசிக்கொண்டிருந்தேன். நடுவில் மட்டும் தரையோடு போகிறது, ஓரங்களில் காற்றைத் தேடுகிறது. தரையை உரசினாற்போல் மட்டமாக, மெதுவாக வீசச் சொன்னார். காசு பாடியது.

ஒரு சாண் உயரம் அவ்வளவு பெரிய விஷயமா என்று தோன்றலாம். காயிலிலிருந்து புறப்படும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்க இறங்க வேகமாக மெலிகிறது. அது உலோகத்தில் ஒரு சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அந்த மின்னோட்டம் எழுப்பும் புலம் திரும்பி மேலே வரும்போதும் அதே வேகத்தில் மெலிகிறது. போகும்போது ஒரு இழப்பு, வரும்போது ஒரு இழப்பு. காயிலின் குறுக்களவைத் தாண்டிய தூரத்தில் ஒரு சிறு காசு இருந்தால், தூரம் இரட்டிப்பாகும்போது கிடைக்கும் சமிக்ஞை ஏறத்தாழ அறுபத்து நான்கில் ஒன்றாகிவிடும். இது தெரிந்த பிறகு, அறுத்த கோதுமைத் தாளுக்கு மேலே காயிலைத் தூக்கிப் பிடித்து நடப்பவரைப் பார்த்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. அவர் விலை கொடுத்து வாங்கிய ஆழத்தை அங்கேயே கொட்டிவிட்டுப் போகிறார்.

கருவியின் செட்டிங் விஷயத்தில் எங்களிடையே புழங்கும் அறிவுரைகளில் நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கின்றன. டிஸ்கிரிமினேஷன் என்ற வசதி குப்பை உலோகத்தை ஒதுக்கி, வேண்டியதை மட்டும் ஒலிக்கச் செய்கிறது. சோர்ந்தவருக்கு அது வரம்போலத் தெரியும். ஆனால் மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பான டப்பாவின் இழுப்பு வளையமும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். வளையத்தைத் தோண்டி அலுத்து அந்த எண்ணை மூடியவர், தங்கத்தையும் சேர்த்தே மூடிவிட்டார். இரும்பு இன்னும் மோசம். பழைய குடியிருப்பு இருந்த இடமென்றால் ஆணிகள் இருக்கத்தான் செய்யும். ஒரு ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் வெள்ளிக்காசின் குரலை ஆணி விழுங்கிவிடும். "இங்கே இரும்புதான் இருக்கிறது" என்று கைவிடப்படும் வயல்தான் உண்மையில் மனிதர்கள் வாழ்ந்த வயல். சிறிய காயிலை மாட்டி, ஒரே இடத்தை இரண்டு மூன்று திசையிலிருந்து வீசிப் பார்க்க வேண்டிய இடம் அது. சென்சிடிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, உச்சத்தில் வைப்பதும் அப்படித்தான். ஆழம் கூடும் என்று நினைத்துச் செய்வார்கள். மண்ணின் தாதுக்களும் மேலே ஓடும் மின்கம்பியும் சேர்ந்து காதில் இரைச்சலை நிரப்பிவிடும். அந்த இரைச்சலில் மெல்லிய ஒலி எங்கே கேட்கப்போகிறது?

கையும் கருவியும் சரியாக இருந்தும் நிலமே ஏமாற்றுவதுண்டு. இப்போது பல பண்ணைகளில் நகராட்சிகளின் மக்கிய கழிவு உரத்தைக் கொட்டுகிறார்கள். அதில் அலுமினியத் தாள், கம்பி, மூடி எல்லாம் பொடிப்பொடியாகக் கலந்து வருகின்றன. அந்த வயலில் கருவி எந்நேரமும் அலறும். அங்கே பொறுமை காட்டுவதில் அர்த்தமில்லை, அடுத்த வயலுக்குப் போவதே விவேகம். அதே சமயம், "தேடி முடித்த வயல்" என்று குழுவில் முத்திரை குத்தப்பட்ட நிலத்தை நான் லேசில் நம்புவதில்லை. ஒவ்வொரு ஆழ உழவும் மேல்மண்ணைப் புரட்டிப்போடுகிறது. போன வருஷம் எட்டாத ஆழத்தில் செங்குத்தாக நின்ற காசு இந்த வருஷம் படுத்துக் கிடக்கலாம்.

இனி ஊக்கத்தைப் பற்றி. எங்களை நடக்க வைப்பது எது?

1992 நவம்பரில் சஃபோக்கின் ஹாக்ஸன் கிராமத்தில் எரிக் லாஸ் என்பவர், விவசாயி நண்பர் தொலைத்த ஒரு சுத்தியலைத் தேடி வயலில் இறங்கினார். கிடைத்தது ரோமானியர் காலத்துப் புதையல்: ஏறத்தாழ 15,000 நாணயங்கள், வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள். அவர் செய்தவற்றில் மிகப் பெரியது, முழுவதையும் தோண்டி எடுக்காமல் நிறுத்தியது. கொஞ்சம் எடுத்ததும் அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். தொல்லியலாளர்கள் மறுநாளே வந்து, பெட்டிக்குள் பொருள்கள் அடுக்கப்பட்டிருந்த ஒழுங்கோடு சேர்த்து வெளியே எடுத்தார்கள். 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி கிடைத்தது. அந்தச் சுத்தியலும் கிடைத்தது. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையிலிருந்து எங்கள் ஆட்கள் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வது 17.5 லட்சத்தை. இங்குள்ள 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் அந்த ஆசைக்குத் தூபம் போடுகிறது. புதையல் என்று தெரிந்த 14 நாளுக்குள் அறிவித்தால், அருங்காட்சியகம் வாங்கும் பட்சத்தில் சந்தை மதிப்புக்கு ஈடான வெகுமதி. வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் பாதிப் பாதி. இந்தச் சட்டம் இல்லாவிட்டால் பல பொருள்கள் இருட்டில் கைமாறியிருக்கும். அந்த அளவில் இது அறிவுள்ள சட்டம், அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனாலும் பரிசைக் குறிவைத்து நடப்பவரை வெறும் நாட்கள் உள்ளிருந்தே அரிக்கின்றன. சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் இரவில், அனுமதியில்லாத நிலத்தில் இறங்குகிறார்கள். 2015இல் ஹெரிஃபோர்ட்ஷயரில் வைக்கிங் காலத்துப் புதையல் ஒன்றைக் கண்டெடுத்த இருவர் அதை அறிவிக்காமல் விற்கத் தொடங்கினார்கள். சுமார் 300 நாணயங்கள் இருந்ததாகக் கருதப்பட்டது, மீட்க முடிந்தது அதில் சிறு பகுதியே. 2019இல் அவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆல்ஃபிரட் மன்னரும் அவர் காலத்து மெர்சிய அரசர் இரண்டாம் கியோல்வுல்ஃபும் ஒரே வடிவில் வெளியிட்ட நாணயங்கள் அவற்றில் இருந்தன. வரலாற்றிலிருந்து ஏறக்குறைய துடைக்கப்பட்டுவிட்ட ஒரு கூட்டணிக்கு அவையும் சாட்சி. மீளாமல் போன நாணயங்களோடு இன்னும் என்னென்ன போயிற்றோ என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இதற்கு மாற்றாக இன்னொரு ஊக்கமும் இந்த நாட்டில் இருக்கிறது. 1997இல் தொடங்கிய கையடக்கத் தொல்பொருள் பதிவுத் திட்டத்தில், புதையல் சட்டத்துக்குள் வராத சாதாரணப் பொருள்களையும், உடைந்த ப்ரோச், ஈயக் குண்டு, தேய்ந்த காசு என எதையும், இடத்தோடு பதியலாம். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலானவை எங்களைப் போன்றவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தவை. என் முதல் பதிவு, பாதி உடைந்த இடைக்காலப் பெல்ட் பக்கிள். சந்தையில் ஐந்து பவுண்டுகூடப் பெறாது. அதைத் திட்டத்தின் அலுவலர் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் காலம் சொன்னபோது, அடுத்த ஆறு மாதம் நடப்பதற்கான தெம்பு எனக்கு வந்தது.

இந்தத் திட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அது கிடைத்ததை மட்டுமே எழுதுகிறது. வரைபடத்தில் புள்ளிகள் அடர்ந்திருந்தால் பழங்காலத்தில் அங்கே மக்கள் அடர்ந்திருந்தார்களா, இன்று எங்கள் ஆட்கள் அங்கே அடிக்கடி போகிறார்களா என்று பிரிப்பது கடினம். ஆய்வாளர்கள் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே, எத்தனை மணி நேரம் தேடி ஒன்றுமில்லாமல் திரும்பினோம் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தால் அவர்கள் வேலை பாதியாகியிருக்கும். பெரும்பாலும் யாரும் எழுதவில்லை. வெறும் நாளை எல்லோரும் வெட்கமாகப் பார்க்கிறோம், வீட்டிலும் சொல்வதில்லை.

ஐந்து ஆண்டுகளாக நான் எழுதுகிறேன். வயலின் படத்தை இருபது மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, தேடிய கட்டத்தில் நேரத்தையும் செட்டிங்கையும் பென்சிலால் குறிக்கிறேன். ஒன்றுமில்லை என்றால் ஒரு சுழி. தவறு கையிலா, கருவியிலா, நிலத்திலா என்று அந்தச் சுழிகள் பிரித்துக் காட்டுகின்றன. எல்லா வயலிலும் சுழி என்றால் என் கையைப் பார்க்க வேண்டும். ஒரு வயலில் மட்டும் சுழி, மற்றதில் பொருள் என்றால் அந்த நிலத்திடம்தான் கேட்க வேண்டும்.

போன செப்டம்பரில் அப்படி ஒரு வயல். மூன்று பருவமாகத் தேடியதில் தெற்குச் சரிவில் பொத்தான்களும் ஈயக் குண்டுகளும் இருந்தன. வடக்குப் பாதி முழுவதும் சுழி, ஒரு ஆணிகூட இல்லை. நிலக்காரர் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து, "ஏதாவது மாட்டியதா?" என்று கேட்டார். காட்டுவதற்கு வேறொன்றும் இல்லாததால் தாளைக் காட்டினேன். சுழிகள் முடியும் கோட்டின்மேல் அவர் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். தன் தாத்தா காலம் வரைக்கும் அந்தக் கோடு வரை காடு நின்றது என்றார். வீட்டுக்கு வந்து அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மரக்குறிகள் என் சுழிகள் நின்ற இடத்திலேயே நின்றன. காட்டின் ஓரமாக, இப்போது சுவடே இல்லாத ஒரு நடைபாதை புள்ளிக்கோடாகப் போகிறது. இந்த அறுவடை முடிந்ததும் அந்தக் கோட்டில் நடக்கப்போகிறேன்.