கந்தமாறனுக்குச் சொல்லாதவை: 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவனின் நட்புநெறி

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் தொடங்கி 1954 மே வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்தது. அப்புதினத்தில் உண்மையான நண்பன் யார் என்று வினவினால் மாணவர் தயங்காமல் வந்தியத்தேவனைக் குறிப்பர். துணிவு, நகைச்சுவை, சமயோசித அறிவு, உயிரைப் பணயம் வைக்கும் இயல்பு என அவனுடைய பண்புகளை அடுக்கிக் கூறுவது வகுப்பறை மரபாகிவிட்டது. அந்த அடுக்கில் இடம்பெறாத பண்பு ஒன்று உண்டு. அவன் நண்பனிடம் மறைக்கிறான். இம்மறைப்பை விலக்கிவிட்டு அவனது நட்பை மதிப்பிட இயலாது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

வல்லவரையர் வந்தியதேவர் குந்தவையாரின் கணவர் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அறிவிக்கிறது. கந்தமாறனோ கல்கியின் கற்பனை மாந்தன். ஆகவே இவ்விருவரின் நட்பு முழுவதும் புனைவு. அதன் நிறைகுறைகளுக்கு வரலாற்றைத் துணைக்கழைக்க வழியில்லை. ஆசிரியரின் கலையே பொறுப்பேற்க வேண்டும்.

கடம்பூர் இரவு

வடதிசை எல்லைக்காவலில் உடனிருந்து பழகியவர்கள் இருவரும். அந்த உரிமையில்தான் வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகைக்குள் நுழைகிறான், விருந்துண்கிறான், அங்கேயே உறங்குகிறான். நள்ளிரவில் பழுவேட்டரையரும் சிற்றரசர்களும் மதுராந்தகனை முன்னிறுத்தி நடத்தும் சதியாலோசனை அவன் செவியில் விழுகிறது. அவன் ஆதித்த கரிகாலனின் தூதன். கேட்டதை மனத்திலேயே பூட்டிக்கொள்கிறான். மறுநாள் வழியனுப்பக் கொள்ளிடக்கரை வரை உடன்வரும் நண்பனிடம் அதை அவன் திறப்பதில்லை. கந்தமாறனும் முழுமையாகப் பேசுபவன் அல்லன். தங்கை மணிமேகலையை வந்தியத்தேவனுக்குக் கொடுப்பது பற்றி முன்பு பேசியதை மறந்துவிடும்படி சொல்கிறான். அதன் பின்னுள்ள அரசியலைச் சொல்வதில்லை. ஒருவன் தந்தைக்குக் கட்டுப்பட்டவன். மற்றவன் தலைவனுக்குக் கட்டுப்பட்டவன். அவர்களுக்கிடையே பிரிவு விழுவது பின்னர் நேரும் கத்திக்குத்தினால் என்று வாசகர் கருதுகின்றனர். உண்மையில் அது இந்தக் காலைநேரப் பயணத்திலேயே விழுந்துவிட்டது.

ஆறுமுகநேரி போன்ற உப்பள ஊரில் இப்பகுதியைப் பாடம் சொல்லும்போது ஒரு வினா தவறாமல் எழுகிறது: ஒரு வீட்டு உப்பைத் தின்றவன் அவ்வீட்டு மறைசெய்தியைச் சுமந்துகொண்டு வெளியேறலாமா? செஞ்சோற்றுக்கடன் என்னும் அளவுகோலைக் கொண்டு நோக்கினால் வந்தியத்தேவன் குற்றவாளி. கர்ணன் அவ்விடத்தில் நின்றிருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பான். கல்கி இவ்வினாவை எழவிடுவதில்லை. குதிரையின் குளம்பொலியிலும் அடுத்த சாகசத்திலும் அதனை அமிழ்த்திவிடுகிறார். தொடர்கதைக்கு இது வலிமை, அறச்சிக்கலுக்கு இழப்பு.

சுரங்க வழி

நட்பின் உச்சம் தஞ்சையில் நிகழ்கிறது. பழுவேட்டரையரின் நிலவறைச் சுரங்கத்தில் கந்தமாறன் முதுகில் குத்துண்டு விழுகிறான். மறைந்திருந்து பார்த்த வந்தியத்தேவன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோட்டைக்கு வெளியே வந்து, சேந்தன் அமுதனின் குடிசையில் சேர்க்கிறான். குந்தவையிடம் சேர்க்க வேண்டிய ஓலை அப்போதும் அவனிடமே இருந்தது. அகப்பட்டால் ஓலையும் போகும், உயிரும் போகும். தலைவனின் பணியையே இடருக்குள்ளாக்கி அவன் நண்பனைத் தூக்குகிறான். சொல்லில் மறைத்தவன் உடலால் எதையும் மறைக்கவில்லை. அவனது நட்பின் தனித்தன்மை இங்கேதான் உள்ளது: அவனால் செய்தியைப் பகிர முடியாது, சுமையைப் பகிர முடியும்.

ஆயினும் கந்தமாறன் தன்னைக் குத்தியவன் வந்தியத்தேவனே என்று நம்புகிறான். இந்நம்பிக்கையைப் பேதைமையாகவே வாசகர் காணும்படி கல்கி எழுதிச் செல்கிறார். இது நடுநிலையன்று. முதுகில் குத்துண்டவன் குத்திய கையைக் கண்டிருக்க முடியாது. அவன் தேறியபோது காப்பாற்றியவன் அருகில் இல்லை. நடந்ததை அவனுக்கு விளக்கப் பழுவூர்த் தரப்பே இருந்தது. முன்பே ஒளிவுமறைவோடு நடந்துகொண்ட நண்பன்மீது ஐயம் பிறப்பது இயல்பே. கந்தமாறனை மூடனாக்காமல் இந்த ஐயத்தின் நியாயத்தை வளர்த்திருந்தால், வந்தியத்தேவனின் பொறுமைக்கும் கூடுதல் எடை சேர்ந்திருக்கும்.

பழைமை

நட்பைப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் குறளின் 79ஆம் அதிகாரமான 'நட்பு' என்பதோடு நின்றுவிடுகின்றன. வந்தியத்தேவனுக்குப் பொருந்துவது 81ஆம் அதிகாரமான 'பழைமை'. நெடுநாள் பழகியவர் உரிமையால் செய்யும் பிழையைப் பொறுத்தல், கேடு விளைத்தபோதும் அன்பில் குன்றாமை ஆகியவை அதன் பொருள். பழிசுமத்தப்பட்ட பின்னும் வந்தியத்தேவன் கந்தமாறனைப் பகைவனாகக் கருதுவதில்லை. மனம் நோகிறான், கேலி செய்கிறான், வஞ்சம் வைப்பதில்லை. கரிகாலனின் மற்றொரு நண்பனான பார்த்திபேந்திரனிடம் காணப்படும் பொறாமையோடு ஒப்பிட்டால் இப்பண்பு தெளிவாகும்.

இவ்விடத்தில் பாண்டியக் கடற்கரையிலிருந்து ஒரு குறிப்பு. கரிகாலன் கொலையில் தொடர்புடையோராக உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சுட்டுகிறது. புதினத்தில் இவர்கள் மாண்ட வீரபாண்டியனுக்காகச் சபதமேற்ற ஆபத்துதவிகள். தலைவனுக்காக உண்மையை மறைப்பதும் வேடமிடுவதும் உயிரைத் துச்சமாக மதிப்பதும் வந்தியத்தேவனிடம் இருந்தால் விசுவாசம். அவையே ரவிதாசனிடம் இருந்தால் துரோகம். கொற்கைக்கு அருகிலிருந்து படிப்பவருக்கு இந்தப் பெயர்மாற்றம் சற்று உறுத்தவே செய்யும். இருவரையும் பிரிப்பது விசுவாசத்தின் அளவன்று. ரவிதாசன் தன் சபதத்துக்கு வெளியே உள்ள எவரையும் தோளில் சுமப்பதில்லை. வந்தியத்தேவனோ எதிரணியில் நிற்பவனைச் சுமக்கிறான்.

கடம்பூரில் கரிகாலன் கொலையுண்டபின் பழி மீண்டும் வந்தியத்தேவன்மீதே விழுகிறது. அப்போது மணிமேகலை, கொன்றவள் தானே என்று கூறுகிறாள். அது பொய். ஆனால் அண்ணனும் அவன் நண்பனும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்ட உண்மைகளின் விலையை அந்தப் பொய்யால் அவளே கொடுக்கிறாள். புதினம் முடியும்போது அவள் உயிர் பிரிவது வந்தியத்தேவனின் மடியில்.