வெட்டின் நீளமும் வேலையின் வேகமும்: தீவன அறுவடை இயந்திரங்களின் மரபுகள்

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரங்களில் கால்நடைத் தீவனம் இரு வழிகளில் வளர்ந்தது. ஒன்று கொறங்காடு, அதாவது, முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, நிழலுக்கும் நெற்றுக்குமாக வெள்வேல மரங்களை விட்டு, அவற்றின் அடியில் கொழுக்கட்டைப்புல்லைத் தழைக்கவிட்டு மாடுகளை அடைத்து மேய்க்கும் மானாவாரி நிலம். மற்றது தட்டு; சோளத்தை நெருக்கி விதைத்து, அறுத்துக் காயவைத்து, கட்டுக்கட்டாகப் போர் போட்டுக் கோடை முழுவதும் உருவிப் போடும் சேமிப்பு. முன்னதில் மாடு தானே தேர்ந்து கடித்துக்கொள்கிறது. பின்னதில் மனிதர் வெட்டித் தருகின்றனர். வெட்டித் தரும்போதுதான் வெட்டின் தரம் என்ற கேள்வி எழுகிறது. முழுத்தட்டைப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கிவிடும் என்பதால், மறுநாள் காலையில் கட்டுத்தரையில் எவ்வளவு கழிந்து கிடக்கிறது என்பதே கொங்கு உழவரின் அளவுகோலாக இருந்தது. சக்கரத்தில் இரண்டு மூன்று கத்திகளைப் பூட்டி மோட்டாரில் ஓடும் தட்டு வெட்டும் இயந்திரம் இந்த வட்டாரத்தில் பரவியதும் அந்தக் கழிவைக் குறைப்பதற்காகவே.

தீவன அறுவடை இயந்திரம் எனப்படும் பெருங்கருவி செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். ஆனால் அது வயலுக்கே சென்று, நிற்கும் பயிரை அறுத்து, நறுக்கி, பக்கத்தில் ஓடிவரும் வண்டியில் ஊதி நிரப்புகிறது. மணி பால் பிடித்து மாவு கட்டும் பருவத்தில் மக்காச்சோளத்தைக் கதிர், இலை, தண்டு மூன்றோடும் நறுக்கி, காற்றுப் புகாதபடி மிதித்து மூடினால், அதிலுள்ள சர்க்கரை லாக்டிக் அமிலமாகப் புளித்துத் தீவனம் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். வேளாண் நூல்கள் இதனை ஊறுகாய்ப்புல் என்றன. இன்றைய பால்பண்ணையார் சைலேஜ் என்கின்றனர். நீரை நீக்கிக் கணக்கிடும் உலர்பொருள் 30 முதல் 35 விழுக்காடாக இருக்கும் சில நாட்களே இதற்கு உகந்தவை. முன்னதாக அறுத்தால் சாறு வடிந்து சத்து போகும், பிந்தினால் இறுக்கி மிதிக்க முடியாமல் உள்ளே காற்றுத் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இந்தச் சில நாள் அவசரமே அதிவேக இயந்திரங்களைப் பிறப்பித்தது.

இயந்திரத்தின் நெஞ்சு அதன் கத்தி உருளை. ஊட்டு உருளைகள் பயிரை அழுத்தி உள்ளே தள்ள, சுழலும் கத்திகள் அசையாமல் நிற்கும் எதிர்க்கத்தியின் மேல் அதனை நறுக்குகின்றன. 24 கத்திகள் இரு வரிசையாக அமைந்த உருளை ஒரு சுற்றில் 12 முறை வெட்டும்; நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் 14,400 வெட்டு. துண்டு 10 மில்லிமீட்டர் வேண்டுமானால் நிமிடத்துக்கு 144 மீட்டர் பயிரை ஊட்ட வேண்டும். ஊட்டும் வேகம், கத்திகளின் எண்ணிக்கை, சுழலும் வேகம் ஆகிய மூன்றுமே துண்டின் நீளத்தை முடிவு செய்கின்றன. போட்டி நிறுவனங்கள் பிரிந்து நிற்பதும் இம்மூன்றில் எதைப் பிடித்துத் திருகுவது என்பதிலேதான்.

தானே ஓடும் தீவன அறுவடை இயந்திரத்தை 1961இல் முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த பெருமை, அமெரிக்கப் பென்சில்வேனியா மாநிலத்து ஊரொன்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நியூ ஹாலண்டைச் சேரும். பயிரோடு வரும் கம்பியையும் ஆணியையும் காந்தப் புலத்தால் கண்டறிந்து ஊட்டு உருளைகளை நொடிக்குள் நிறுத்தும் உலோக உணரியை முன்னிறுத்தியதும் இந்த மரபே. வெளிப்பார்வைக்கு இது கத்தியைக் காக்கும் ஏற்பாடு; உண்மையில் காக்கப்படுவது மாடு. தீவனத்தோடு விழுங்கிய கம்பித்துண்டு இரைப்பையைத் துளைத்து இதய உறையைக் குத்தி மாட்டைக் கொல்லும் நோயைக் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிவர். இந்தத் துறையின் கண்டுபிடிப்புகளில் தலைமை இடம் இதற்கே தரத் தகும்.

தஞ்சைப் பகுதி நெல்வயல்களில் ‘கிராப் டைகர்’ அறுவடை இயந்திரத்தால் தமிழ் உழவருக்கு அறிமுகமான ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம், 1973இல் ‘ஜாகுவார்’ என்ற பெயரில் இந்தத் துறையில் தானோடும் இயந்திரத்துடன் இறங்கியது. அதன் மரபைச் சமநிலை மரபு எனலாம். எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்து, ஒரே பட்டையால் ஆற்றலை நேராகக் கத்தி உருளைக்குக் கொண்டுசெல்வதால் இடையில் வீணாவது குறைகிறது. கத்திகள் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் சாய்ந்திருப்பதால் நறுக்கிய துண்டுகள் பக்கச் சுவரில் உரசாமல் நடுவே குவிகின்றன. உருளையின் விட்டம் 630 மில்லிமீட்டர் மட்டுமே. ஃபென்ட் நிறுவனத்தின் ‘கட்டானா’வில் அது 720, நியூ ஹாலண்டில் 710. பெரிய உருளை கனத்தால் ஓட்டம் பெற்று, பயிர் திடீரென அடர்ந்து வந்தாலும் வேகம் தளராது என்பது ஒரு கட்சி; சிறிய உருளையைச் சுழற்ற ஆற்றல் குறைவாகச் செலவாகும் என்பது மறு கட்சி. இரண்டும் உண்மையாதலால் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

க்ரோனே 1906இல் ஸ்பெல்லே என்ற சிற்றூரில் தொடங்கிய குடும்ப நிறுவனம்; 2000இல் ‘பிக் எக்ஸ்’ என்ற பெயருடன் இந்தப் போட்டிக்கு வந்தது. பிந்தி வந்ததால் குதிரைத்திறனில் முந்த முனைந்தது. கிளாஸின் ‘ஜாகுவார் 990’ 925 குதிரைத்திறனில் நின்றபோது, ‘பிக் எக்ஸ் 1180’ 1,156ஐத் தொட்டது. எனினும் க்ரோனேயின் மெய்யான கொடை இந்த எண் அன்று. மற்றவர் நான்கு ஊட்டு உருளைகளோடு அமைந்தபோது அது ஆறு வைத்தது. பயிர் கத்தியைச் சேருமுன் அதிக தூரம் அழுந்தி வருவதால் துண்டுகள் சீராகின்றன. உலோக உணரிக்கும் கத்திக்கும் இடைவெளி கூடுவதால் நிறுத்தவும் நேரம் கிடைக்கிறது. உருளையின் வேகத்தையே மாற்றும் பற்சக்கரப் பெட்டியைச் சேர்த்து, ஒரே உருளையில் குறுவெட்டும் நெடுவெட்டும் கிடைக்கச் செய்ததும் அதுவே. மற்றொரு போட்டி நிறுவனமான ஜான் டீர் கண்ணை வளர்த்தது. ஊதுகுழாயில் பொருத்திய அகச்சிவப்பு உணரி, ஓடும் தீவனத்தின் ஈரத்தையும் மாவுச்சத்தையும் அளக்க, ஈரத்துக்கேற்ப வெட்டு நீளம் தானே மாறுகிறது.

எதிரிகளாகத் தோன்றும் இவர்களில் ஜான் டீர், நியூ ஹாலண்ட், ஃபென்ட் மூவரும் பயிரைக் கவ்வும் முன்வாயைக் கெம்பர் என்ற ஒரே தயாரிப்பாளரிடமிருந்து பெறுகின்றனர். நட்ட வரிசையைப் பாராமல் எந்தத் திசையிலும் அறுக்கும் அந்த வாய், 75 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைக்கும் ஐரோப்பாவுக்கும் 60 சென்டிமீட்டரில் நடும் தமிழகத்துக்கும் ஒருங்கே பொருந்தும்.

இவற்றின் தரத்தை அளக்கும் கோல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் வகுத்த சல்லடை அடுக்கு. மக்காச்சோளச் சைலேஜைச் சலித்தால் 19 மில்லிமீட்டர்த் துளையின் மேல் 3 முதல் 8 விழுக்காடும், 8 மில்லிமீட்டரின் மேல் 45 முதல் 65 விழுக்காடும், 4 மில்லிமீட்டரின் மேல் 20 முதல் 30 விழுக்காடும் நிற்க வேண்டும். அடித்தட்டில் விழும் தூள் பத்துக்கு மேற்படலாகாது. நெடுந்துண்டு முதல் இரைப்பையில் மெத்தை போல மிதந்து அசைபோடத் தூண்டும்; தூள் மிகுந்தால் அமிலம் ஏறும். நொறுக்குருளைகளிடையே மணி நொறுங்கியதற்குத் தனி அளவு உண்டு. மாவுச்சத்தில் 70 விழுக்காடு 4.75 மில்லிமீட்டர்த் துளையைக் கடந்தால் நொறுக்கு சிறப்பு எனக் கொள்வர். நொறுங்காத மணி சாணத்தில் முழுதாக வந்துவிடும். சல்லடை இல்லாதவர் ஒரு கை சைலேஜை வாளித் தண்ணீரில் அலசினால் மணி அடியில் தங்கும். முழுமணி எத்தனை என எண்ணிவிடலாம். 26 முதல் 30 மில்லிமீட்டர் வரை நீளமாக வெட்டி, திருகுபள்ளம் வெட்டிய நொறுக்குருளைகளால் தண்டை நார்நாராகக் கிழிக்கும் ‘ஷ்ரெட்லேஜ்’ முறை அமெரிக்காவில் எழுந்து கிளாஸ் வழியே பரவியபின், குறுவெட்டு, நெடுவெட்டு என்று பண்ணையாரும் இரு கட்சியாயினர்.

பின்னலாடைத் தொழிலில் ஊறிய திருப்பூரார்க்கு இந்தப் போட்டியின் உட்பொருள் எளிதில் விளங்கும். ஐரோப்பாவில் இத்தகைய இயந்திரத்தைப் பெரும்பாலும் வாங்குவோர் மாடு வளர்ப்போர் அல்லர். ஊர் ஊராகச் சென்று கூலிக்கு அறுத்துத் தரும் ஒப்பந்தக்காரர்கள். அதாவது, நூல் ஒருவருடையது, நிட்டிங் இயந்திரம் மற்றொருவருடையது என்ற ஜாப் ஒர்க் முறையே அங்கு வயலில் நடக்கிறது. இங்கு கிலோவுக்குக் கூலி. அங்கு மணிக்கோ எக்டேருக்கோ கூலி. தேய்ந்த ஊசி துணியில் கோடு விடுவது போல மழுங்கிய கத்தி சைலேஜில் நார் விடும். ஆனால் துணியின் கோடு செக்கிங் மேசையில் அன்றே தெரியும். சைலேஜின் குறை குழி திறக்கும்போது, சில மாதம் கழித்தே தெரியவரும். அதனால் ஒப்பந்தக்காரருக்கு வேகமும் மாட்டுக்கு வெட்டும் என இரண்டு அளவுகோல்கள் பிரிந்துபோகின்றன. குதிரைத்திறன் போட்டி முன்னதற்கு விடை. ஊட்டு உருளை, சல்லடை, உணரி ஆகியவை பின்னதற்கு விடை. வாங்குவோரும் வாடகைக்கு அழைப்போரும் முதலில் கேட்க வேண்டியது பின்னதைப் பற்றியே.

தமிழகத்தில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 2015–16 கணக்கெடுப்பின்படி 0.75 எக்டேர். பெருங்கருவி இந்த வயலுக்குள் திரும்பும் முன்பே வேலை முடிந்துவிடும். டிராக்டரின் பின்னே பூட்டி ஒற்றை வரிசையாக அறுக்கும், ராஜ்கோட்டின் சக்திமான் போன்ற இந்தியத் தயாரிப்புகளே இங்கு அளவுக்குப் பொருந்துகின்றன. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தின் நான்கு மண்டலங்களில் ஒன்றுக்குத் தண்ணீர் விடும்போது அந்த மண்டலத்து மக்காச்சோளம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பருவத்துக்கு வருவதால், சில நாள் அவசரம் இங்கும் உண்டு. பல்லடம் கோழிப் பண்ணைகளின் மணித் தேவையோடு போட்டியும் உண்டு. எனவே பலர் சேர்ந்து ஒரு சிறு இயந்திரத்தை முறை வைத்து ஓட்டுவது ஏற்ற வழியாகத் தெரிகிறது. பெருங்கருவியில் சாணைக்கல் உள்ளேயே அமைந்து கத்தியைத் தீட்டும், எதிர்க்கத்தியின் இடைவெளி தானே சரியாகும். சிறு இயந்திரத்தில் இரண்டையும் ஓட்டுபவரே கழற்றிப் பார்க்க வேண்டும். உலோக உணரி பெரும்பாலான சிறு இயந்திரங்களில் கிடையாது. அறுக்குமுன் வரப்போரம் நடந்து கம்பியையும் ஆணியையும் பொறுக்குவதே உணரி. முள்கிளுவையைப் பிடுங்கிவிட்டு முள்கம்பி வேலி போட்ட தோட்டங்களில் இந்த நடை இருமுறை வேண்டியிருக்கிறது.