கோதை யார் வீட்டுப் பெயர்?

செட்டியார்பட்டி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பெண் குழந்தைக்கு ஆண்டாளின் பெயரான கோதையை வைப்பவர்கள் அதன் வேரைத் தேடுவதில்லை. தேடியவர்கள் இரண்டு கட்சி. 'கோ' என்றால் நிலம் அல்லது வாக்கு, 'தா' என்றால் தருவது. ஆகவே நிலம் தந்த மகள், வாக்கை அருள்பவள் என்கிறது வடமொழிக் கட்சி. கோதை என்றாலே பூமாலைதான், சூடிக்கொடுத்தவளுக்கு வேறென்ன பெயர் பொருந்தும் என்கிறது தமிழ்க் கட்சி.

ஒலியை வைத்து இதைத் தீர்க்க முடியாது. கங்கா கங்கையானது, சீதா சீதையானாள். கோதா கோதையாகவும் தடையில்லை. அதே வழியில் கோதை திரும்பிப் போய்க் கோதாவாகவும் ஆகலாம். ரோமின் பெண்தெய்வம் மினர்வாவின் பெயருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அண்டையிலிருந்த எத்ருஸ்கர்களும் அவளை மென்ர்வா என்றார்கள். யாரிடமிருந்து யார் வாங்கினார்கள்? 'மனம்' என்பதோடு உறவுடைய *மெனெஸ்வா போன்ற மூல இத்தாலிக் வடிவத்தை மீட்டெடுத்த பிறகே, எத்ருஸ்கர்தான் வாங்கியவர்கள் என்ற பக்கம் தராசு சாய்ந்தது. பொருளும் உறவுச் சொற்களும் எந்த மொழியில் கிடைக்கின்றன என்பதே அங்கே சான்று.

இங்கே கூடுதலாகக் காலமும் பேசுகிறது. கரூரில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்று தமிழ் பிராமியில் பொறித்திருக்கிறது. ஆண்டாளின் காலமாகச் சொல்லப்படும் 8, 9ஆம் நூற்றாண்டுகளுக்கு வெகுமுன் வந்த காசுகள். அவற்றில் இருப்பவர்கள் ஆண் அரசர்கள். 'நிலம் தந்த மகள்' அங்கே எடுபடாது. சங்க இலக்கியத்திலேயே கோதை மாலையைக் குறிக்கிறது. வேதாந்த தேசிகர் 29 பாடல்களில் கோதா ஸ்துதி இயற்றினார். கோதாவரி உலகைப் புனிதமாக்குவதே ஆண்டாளின் பெயரைத் தாங்கியதால்தான் என்கிறார். அருமையான கற்பனை. ஆனால் அது துதி, சான்று இல்லை.

தமிழ்க் கட்சியும் ஓரிடத்தில் இடறுகிறது. மாலை என்ற பொருள் இருப்பதால் வேர் 'கோ' (கோத்தல்) என்று உடனே முடித்துவிடுகிறார்கள். பூக்கடையில் கவனியுங்கள்: வாழைநார் என்றால் பூ 'கட்டுவார்கள்', ஊசியும் நூலும் என்றால்தான் 'கோப்பார்கள்'. மலையாளத்திலும் கோர்க்குக உண்டு, எனவே வேர் பழையது. ஆனால் அந்த வேரிலிருந்து இயல்பாக வருவது கோவை. கோதையில் உள்ள தகரம் எங்கிருந்து வந்தது? தலை கோதுகிறோமே, அந்தக் 'கோது' வேரானால் தகரச் சிக்கலே இல்லை. கொடு கொடையானது போலக் கோது கோதையாகும். கோதைக்குப் பெண்ணின் கூந்தல் என்ற பொருளும் அகராதியில் இருக்கிறது. கூந்தலிலிருந்து அதில் சூடும் மாலைக்குப் பொருள் நகர்ந்திருக்கலாம்.

என் தீர்ப்பு: பெயர் தமிழ், கோதா அதன் வடமொழி உடுப்பு. இதில் ஐயமில்லை. வேர் விஷயத்தில் 'கோ'வைவிடக் 'கோது' ஒரு படி மேல். ஆனால் இரண்டில் எதை எழுதினாலும் முன்னால், *மெனெஸ்வாவுக்கு இருப்பது போல, ஊகித்து மீட்டது என்று காட்டும் அந்த உடுக்குறி (*) இருக்கட்டும்.