யாருடைய வீட்டுச் சாவி?

நம் மேடைக்கு வியட்நாம் ஒரு வீடாகத்தான் வந்தது. சுந்தரம் எழுதி சிவாஜி நாடக மன்றம் 1965இல் மேடையேற்றிய 'வியட்நாம் வீடு' 1970இல் படமாகவும் வந்தது. நாபாம் குண்டில் எரிந்துகொண்டிருந்த மண்ணின் பெயர், இங்கே ஒரு பார்ப்பனக் குடும்பச் சச்சரவுக்குப் பட்டப்பெயர்.

ஆம்பூர்ப் பக்கம் நாடக விழாவில் வெளியூர்க் குழுவொன்று போட்ட அகதி நாடகத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. 1975க்குப் பின் வியட்நாமிலிருந்து கிளம்பிய படகும், 1983க்குப் பின் மன்னாரிலிருந்து கிளம்பிய படகும் மேடையில் ஒரே படகு. ஒரு பழஞ்சேலைதான் கடல், அதுவே பாய், அதுவே பிணம் மூடும் துணி. வசனத்தைக் குறைத்து உடம்பை நம்பியிருந்தார்கள். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் ஷிப்டு முடித்து வந்த சனம் அசையாமல் பார்த்தது.

ஆனால் நாடகத்தின் உயிர்முடிச்சு ஒரு சாவி. எரிந்துபோன வீட்டின் சாவியை மடியில் முடிந்துகொண்டு கிழவி கடல் தாண்டுகிறாள். என் பக்கத்தில் முகாமிலிருந்து வந்த மலையகத்து அம்மா ஒருவர். "லயம் தொரையோடது தம்பி. எங்களுக்கு ஏது சாவி?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நாடகத்தில் இடமில்லை. திருச்சி, சேலம், வடஆற்காடு என்று கங்காணி ஓட்டிப்போன கூலிகளில் நம்ம சனம் ஏராளம். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஆடுமாடுகூட இப்படிப் பிரிபடாது. குண்டு விழுமுன்பே அகதியானவர்கள் இவர்கள். 2021இல் முகாமுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. அதே ஆண்டு வேலூர் மேல்மொணவூரில் முதல்வர் புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். குடியுரிமை அதோடு சேர்ந்து வரவில்லை.

இன்னொன்று. படகில் எல்லோரும் ஒரே குடத்தில் மொண்டு குடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகளை அறிந்தவர் யார் இதை நம்புவார்? 1968 மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டத்தை வைத்து என்.கே. ரகுநாதன் 'கந்தன் கருணை' எழுதினார். ஈழ நாடகமே தொட்டுப் பேசியதை இந்தப் படகு ஏன் கரையில் இறக்கிவிட்டது?

முடிந்ததும் இயக்குநரைக் கேட்டேன். "அகதிக்கு ஏது சாதி?" என்றார். கிழவியாக நடித்த பெண் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்து, லயத்தில் ஒரு அறை எத்தனை அடி இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.