கொலையும் கப்பற்சேதமும் கதையாகும்போது

கொலை வழக்குகளையும் கப்பற்சேதங்களையும் பற்றிய சரித்திர நூல்களை மக்கள் விரும்பிப் படிக்கின்றனர். நூல்நிலையங்களில் அட்டை கிழிந்து மூலை மடிந்து கிடக்கும் நூல்களுள் இவையும் உள. இலக்கியக் காவலர் சிலர் இவற்றை மலிவுச் சரக்கெனத் தள்ளிவிடுவர். அத்தீர்ப்பு எமக்கு உடன்பாடன்று. பெருந்தொகையான மக்கள் படிப்பதை ஆராயாது விடுவது விமர்சகன் தன் கடமையிலிருந்து தவறுவதாகும். பரீட்சை முடிந்ததும் சரித்திரப் பாடநூலை மூடிவிடும் மாணவன், கடந்த காலத்தைப் பற்றிப் பின்னர் அறிந்துகொள்வது பெரும்பாலும் இத்தகைய நூல்கள் வாயிலாகவே. ஆகவே, இவற்றைப் படிக்கலாமா என்பதன்று கேள்வி. எதனை விபத்து என்றும் எதனைக் குற்றம் என்றும் இவை நமக்குக் கற்பிக்கின்றன என்பதே கேள்வி.

இவ்வகை நூல்களுக்கு முன்மாதிரியாய் அமைந்தது அமெரிக்கரான வோல்ட்டர் லோர்ட் 1955இல் வெளியிட்ட ‘எ நைட் டு ரிமெம்பர்’. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி நள்ளிரவுக்குச் சற்று முன்னர் பனிப்பாறையில் மோதி, மறுநாள் அதிகாலையில் மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பலின் கதை அது. உயிர்தப்பியோருள் அறுபதுக்கு மேற்பட்டவர்களைத் தேடி விசாரித்து, அவ்விரவை நிமிடம் நிமிடமாக அவர் கட்டியெழுப்பினார். அவரைப் பின்பற்றிய பலர் அந்த நிமிடக் கணக்கை மட்டும் கற்றுக்கொண்டு, காரணத்தைக் கேட்கும்போது விதியின் மீதும் மனிதச் செருக்கின் மீதும் பழியைப் போட்டு ஒதுங்கினர்.

விதி எதனையும் விளக்குவதில்லை. கப்பலின் கொள்ளளவு 46,000 தொன்னுக்கு மேல். ஆனால் படகுகளின் தொகையை வரையறுத்த பிரித்தானிய விதியோ 1894ஆம் ஆண்டுக்குரியது. 10,000 தொன்னும் அதற்கு மேலும் கொண்ட கப்பல்கள் அனைத்துக்கும் 16 படகுகள் போதும் என அது கூறியது. கப்பல்கள் பெருத்தன, விதி பெருக்கவில்லை. ‘டைட்டானிக்’கில் இருந்தவை 20 படகுகள், அவற்றில் இடம் 1,178 பேருக்கு, கப்பலில் இருந்தவர்களோ ஏறத்தாழ 2,200 பேர். கப்பற் கம்பனி சட்டத்தை மீறவில்லை. சட்டம் கேட்டதற்கு மேலாக நான்கு படகுகளை வைத்திருந்தது! சுமார் 1,500 பேர் மாண்டனர். பனிப்பாறை இயற்கை, படகுக் கணக்கு மனிதர் போட்டது.

அக்கணக்கு எல்லோரையும் ஒன்றுபோல் கொன்றதுமன்று. ‘பெண்களும் குழந்தைகளும் முதலில்’ என்ற வீரக் கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். பிரித்தானிய விசாரணையின் அறிக்கை தரும் எண்களையே பார்ப்போம். முதல் வகுப்புப் பெண்கள் 144 பேரில் 140 பேர் தப்பினர். மூன்றாம் வகுப்புப் பெண்கள் 165 பேரில் 76 பேரே தப்பினர். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேரில் தப்பியோர் 27 பேர். முதல் வகுப்பு ஆண்கள் 175 பேரில் தப்பியோர் 57 பேர். அதாவது செல்வந்தரான ஆண்மகனுக்கும் ஏழையின் குழந்தைக்கும் அன்று கிடைத்த வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றே. இருந்தும், மூன்றாம் வகுப்பினர்க்குப் பாரபட்சம் காட்டப்படவில்லை என அவ்விசாரணை முடிவு கூறிற்று. அதன் முன் மூன்றாம் வகுப்புப் பிரயாணி ஒருவர்தானும் சாட்சியமளிக்கவில்லை! இவ்வநீதியைச் சுட்டிக்காட்டியமையே லோர்டின் நூலுக்குள்ள நிலைத்த மதிப்பு. அவரது திறமையைப் போற்றும் பலரும் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

கடலில் நேரும் சாவுக்கு விதி காரணமாக்கப்படுவது போலவே, நகரத்தில் நேரும் கொலைக்கு அரக்கன் காரணமாக்கப்படுகிறான். எரிக் லார்சன் 2003இல் வெளியிட்ட ‘தி டெவில் இன் த வைற் சிற்றி’ பெரும் புகழ்பெற்ற நூல். 1893ஆம் ஆண்டின் சிக்காகோ உலகப் பொருட்காட்சியை நிருமாணித்த டேனியல் பேர்ணம் என்பவரின் கதையையும், அதே நகரில் வாழ்ந்த எச். எச். ஹோம்ஸ் என்ற கொலைகாரனின் கதையையும் அது மாறி மாறிச் சொல்கிறது. கதை சொல்லும் ஆற்றலில் குறை காண்பதற்கில்லை. எனினும் கொலைக் காட்சிகள் சிலவற்றைக் கிடைத்த ஆதாரங்களிலிருந்து தாமே ஊகித்து அமைத்ததாக ஆசிரியரே பின்குறிப்பில் கூறுகிறார். அதே 1893இல் அமெரிக்காவைப் பொருளாதார நெருக்கடி உலுக்கியது. அது நூலில் இடம்பெறாமலில்லை. ஆனால் மேடையின் பின்திரையாகவே தொங்குகிறது. ஹோம்ஸின் வலையில் விழுந்தவர்களுள் அவனிடம் சுருக்கெழுத்தாளராகவும் கணக்கெழுதுபவராகவும் உழைத்த பெண்களும் இருந்தனர். அவனது கண்களின் கவர்ச்சி நம் நினைவில் நிற்கிறது. அப்பெண்களின் வாழ்வு நிற்கவில்லை.

இதற்கு மாற்றான வழி உண்டென்பதைக் காட்டியது ஹலி ரூபன்ஹோல்ட் 2019இல் எழுதிய ‘தி ஃபைவ்’. 1888இல் கிழக்கு இலண்டனில் கொல்லப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றியது அந்நூல். கொலைகாரன் யார் என்ற ஊகத்தை வைத்து நூற்றாண்டுக்கு மேலாக நூல்கள் குவிந்துள்ளன. ரூபன்ஹோல்டோ அவனைத் தேடவில்லை, கொலைகளை வருணிக்கவுமில்லை. அப்பெண்கள் பிறந்த வீடு, செய்த தொழில், முறிந்த திருமணம், ஏழையர் விடுதியின் கொடுமை ஆகியவற்றையே தேடிச் சென்றார். அவர்களுள் மேரி ஆன் நிக்கல்ஸ் என்பவள், படுக்கைக்குரிய நான்கு பென்ஸ் கையில் இல்லாமையால் தங்குமிடத்திலிருந்து திருப்பியனுப்பப்பட்டாள், அன்றிரவே கொல்லப்பட்டாள். ஐவரும் விலைமாதரே என்ற பழைய கூற்றுக்கு, அவர்களுள் மூவரைப் பொறுத்தவரை ஆதாரமில்லை என்பது ஆசிரியரின் வாதம். அதனை மறுக்கும் ஆராய்ச்சியாளரும் உளர். அவ்விவாதம் எவ்வாறு முடியினும் நான்கு பென்ஸ் கணக்கு மாறப்போவதில்லை. கத்தி ஒருவன் கையிலிருந்தது. தெருவுக்கு அவளை அனுப்பிய கதவோ ஒரு சமுதாயத்தின் கதவு.

கப்பலும் கொலையும் ஒரே நிகழ்ச்சியில் சேர்ந்த சந்தர்ப்பமும் சரித்திரத்தில் உண்டு. ஜேம்ஸ் வோல்வின் 2011இல் எழுதிய ‘தி சோங்’ அதனை ஆராய்கிறது. 1781ஆம் ஆண்டின் இறுதியில் லிவர்பூல் வணிகருக்குச் சொந்தமான ‘சோங்’ என்ற அடிமைக் கப்பலின் மாலுமிகள் 130க்கு மேற்பட்ட ஆபிரிக்கரை உயிரோடு கடலில் வீசினர். தண்ணீர் போதவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பின்னர் உரிமையாளர், இழந்த ‘சரக்கு’க்கு ஆள் ஒன்றுக்கு 30 பவுண் வீதம் காப்புறுதிப் பணம் கோரி வழக்காடினர். முதல் விசாரணையில் ஜூரிகள் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தனர். காப்புறுதிக்காரர் மேல்முறையிட, 1783இல் பிரதம நீதியரசர் மான்ஸ்ஃபீல்ட் மறுவிசாரணைக்கு இடமளித்தார். மழை பெய்த பின்னரும் மனிதர் வீசப்பட்ட செய்தி அப்போது வெளிவந்தது. முன்னர் அடிமையாயிருந்த ஒலௌடா ஈக்குவியானோ தெரிவித்த செய்தியால் விழிப்படைந்த கிரன்வில் சார்ப், கொலைக் குற்றம் சாட்டுவிக்க முயன்றார், பயனில்லை. நீதிமன்றத்தின் முன்னிருந்த கேள்வி, நட்டத்தை யார் ஏற்பது என்பதே. எது குற்றம், எது கடலின் ஆபத்து என்பதைத் தீர்மானித்தது சொத்துரிமை. வோல்வின் நமக்கு அதிர்ச்சியூட்டுவது இரத்தத்தால் அன்று, கணக்கேடுகளால்.

இவ்வாறு கூறுவதால், சமுதாயக் காரணங்களை அடுக்கிவிட்டால் நல்ல நூலாகிவிடும் என்று கொள்ளலாகாது. இது நம்மவரிடையே உள்ள குறை. அரக்கனின் கதையில் மாண்டவள் வெறும் உடலாகிறாள். நமது கட்டுரைகளிலோ அவள் வெறும் எண்ணாகிறாள். இரண்டிலும் அவள் மனுஷியாய் இல்லை. லோர்டின் நூல் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் படிக்கப்படுவது, தளத்தில் நின்ற மனிதரின் குரலை அது கேட்கச் செய்வதனாலேயே. காரணத்தைத் தேடும் அறிவும், ஒரு தனி உயிரின்மீது வைக்கும் மதிப்பும் ஒரே நூலில் கூடமுடியும் என்பதற்கு ரூபன்ஹோல்ட் சாட்சி.

ஆகவே ஆசிரிய நண்பர்கள் இந்நூல்களை மாணவர் கையிலிருந்து பறிக்கவேண்டியதில்லை. அவர்களோடு சேர்ந்து படிப்பதே செய்யத்தக்கது. கதை மயிர்க்கூச்செறியச் செய்யுமிடத்தில் ஒரு கணம் நிறுத்தி, சாட்சிக் கூண்டுக்கு யார் அழைக்கப்படவில்லை என்று கேட்கப் பழக்கினால் போதும். 1912இல் இலண்டனில் நடந்த விசாரணை அக்கேள்வியைக் கேட்கவில்லை. நம் மாணவர் கேட்கட்டும்.