பாலையா என்னும் பக்கத்து மனிதர்

தமிழ்ச் சினிமாவைப் பற்றி நம்மிடையே எழுந்த விமர்சனங்களிற் பெரும்பாலானவை இரு நாயகர்களையே சுற்றி வந்துள்ளன. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் அதனை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து நூல் வெளியிட்ட பின்னரும், நாயகனுக்குப் பக்கத்தில் நின்றவர்களை நாம் போதிய அளவு நோக்கினோமில்லை. தமிழ்ச் சமுதாயம் தன் முதலாளியையும் குடும்பத் தலைவனையும் வித்துவானையும் எக்கண்கொண்டு பார்த்தது என்பதை அறிய விழைவோர், டி. எஸ். பாலையாவின் முகத்தைப் பார்த்தல் வேண்டும்.

1914இல் பிறந்த பாலையா, நாடக மேடையிற் பயின்று, 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி' மூலம் திரைக்கு வந்தார். எம். ஜி. ராமச்சந்திரனுக்கும் அதுவே முதற்படம். அவருக்குக் கிடைத்தது சிறியதொரு பொலிஸ் வேடம். பாலையாவுக்கோ கதையையே நகர்த்தும் வில்லன் வேடம்! எஸ். எஸ். வாசன் எழுதிய அக்கதையில், நண்பனால் குடிக்குப் பழக்கப்பட்டுச் சீரழிந்தவன், கொலை செய்துவிட்டதாக அஞ்சி ஓடிவந்து சேருமிடம் நமது இலங்கை. இங்கே தேயிலைத் தோட்டத்தில் அவன் கூலியாகிறான். பின்னர் ஒரு புதையல் அவனை உயர்த்திவிடுகிறது. நம் மலையகத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோருக்கு எந்தப் புதையலும் அகப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இருந்த உரிமையையும் பறித்தது.

இருபத்தெட்டு ஆண்டுகளின் பின், 1964இல், ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் தோட்டம் மீண்டும் வருகிறது. இம்முறை பாலையாவே அதன் முதலாளி. வேலையிலிருந்து விலக்கப்பட்ட இளைஞன் முதலாளியின் வீட்டு வாசலில் கூடாரமடித்து வேலை கேட்கிறான். வேலைநீக்கத்தை எதிர்த்த போராட்டம், பாட்டும் ஆட்டமுமாய்க் கலகலத்து, முதலாளி மகளின் காதலிற் கரைந்து போகிறது. நாமும் சிரிக்கிறோம், படம் அத்துணை நன்றாக அமைந்தது. ஆனால் அச்சிரிப்பினூடே முதலாளி மன்னிக்கப்பட்டு விடுகிறார் என்பதை நம் மாணவர்க்கு எடுத்துக்காட்டல் வேண்டும்.

இங்கேதான் பாலையாவின் தனித்திறமை தெரிகிறது. கதை மன்னித்தாலும் நடிப்பு மன்னிக்கவில்லை. வேலையாளிடம் சீறிப் பாய்ந்த அதே மனிதர், கோடீசுவரர் என நம்பி ஒரு போலிக் கிழவரை வரவேற்கும்போது எப்படிக் குழைகிறார்! முதுகு வளைகிறது, குரல் தேனாகிறது. பணமுள்ளவன் தன்னிலும் பணமுள்ளவனைக் கண்டதும் அடையும் மாற்றத்தை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன சிறுகதைகள் நம்மிடம் அதிகமில்லை. நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை எல்லோரும் புகழ்வர். அங்கே பேச்செல்லாம் நாகேஷுடையது. அப்பேச்சுக்கு உயிர் கொடுப்பது, கேட்டுக் கேட்டு வெளிறும் பாலையாவின் முகம்.

பீம்சிங்கின் 'பாகப்பிரிவினை'யில் (1959) அவர் கூட்டுக் குடும்பத்தின் மூத்தவர். 'திருவிளையாடலில்' (1965) அகந்தை கொண்ட ஹேமநாத பாகவதர். பாட்டில் ஒலிப்பது பாலமுரளிகிருஷ்ணாவின் குரல், கேட்போரை அற்பராக்கும் அந்தப் பார்வை மட்டும் பாலையாவுக்கே உரியது. புராணப் படம் என்று அதனை ஒதுக்கும் முற்போக்கு நண்பர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. பாடகனின் கர்வத்தை விறகு சுமப்பவன் வடிவில் வந்தவன் அடக்கும் கதையில், மக்களின் பழைய ஆசையொன்று ஒளிந்திருக்கிறது.

எனினும் பாலையாவின் சிறந்த வேடம் எதுவென்று கேட்டால், ஏ. பி. நாகராசனின் 'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) வரும் தவில் வித்துவான் முத்துராக்கு என்றே சொல்வோம். முன்பு முதலாளியாய் அதட்டியவர் இங்கே கலைத் தொழிலாளி. நாதஸ்வரக்காரர் சண்முகசுந்தரம் முன்கோபி. அவர் சினந்து எழுந்து போனால் குழுவினர் அத்தனை பேரின் பிழைப்பும் எழுந்து போகும். ஆகவே முத்துராக்கு சமாதானம் சொல்கிறார், கேலி பேசுகிறார், வேண்டியபோது விட்டுக்கொடுக்கிறார். கச்சேரி நடக்கையில் கைகள் தவிலில் முழங்க, கண்களோ பக்கத்திலிருப்பவரின் முகக்குறியை ஓயாது அளந்துகொண்டிருக்கின்றன. 1972இல் தமது ஐம்பத்தேழாம் வயதில் மறைந்த பாலையா, முப்பத்தாறு ஆண்டுகள் திரையில் இருந்ததும் பெரும்பாலும் அந்தப் பக்கத்து இடத்திலேதான்.