கழுத்துத் தமனி அடைப்பு: சதவீதக் கணக்கு போதுமா?

பக்கவாதம் வந்தவரின் கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்ததும் எல்லோரும் தேடுவது ஓர் எண்ணைத்தான்: எத்தனை சதவீதம் அடைப்பு? அறுவை சிகிச்சையா, ஸ்டென்ட்டா, மாத்திரையே போதுமா என்பதைப் பெரும்பாலும் அந்த எண்ணே தீர்மானிக்கிறது. இந்த நடைமுறையின் பலம் பெரியது. அதன் குறையும் சிறியதல்ல.

முதலில் பலம். 1991இல் வெளியான 'நாசெட்' என்ற வட அமெரிக்க ஆய்வு, மினி ஸ்ட்ரோக்கோ லேசான பக்கவாதமோ வந்து, 70 முதல் 99 சதவீதம் வரை அடைப்பு இருந்தவர்களை இரு பிரிவாக்கிப் பார்த்தது. மருந்து மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் 26 சதவீதம் பேருக்கு அதே பக்கத்தில் மீண்டும் பக்கவாதம் வந்தது. தமனியைத் திறந்து படிவு அகற்றப்பட்டவர்களில் அது 9 சதவீதம். அடைப்பு 50 முதல் 69 வரை என்றால் பலன் குறைவு; 50க்குக் கீழே பலனே இல்லை. இவ்வளவு தெளிவான வழிகாட்டி மருத்துவத்தில் எளிதில் கிடைப்பதில்லை.

ஆனால் அந்த எண்ணே முழுத் துல்லியமானதல்ல. டாப்ளர் நேரடியாக அளப்பது ரத்தம் பாயும் வேகத்தை. வினாடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு என்று கணிக்கிறார்கள். எதிர்ப்பக்கத் தமனி முழுதும் அடைபட்டிருந்தால் அதன் சுமையும் இந்தப் பக்கம் சேர்ந்து வேகம் கூடும். அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். துளை நூலளவுக்குச் சுருங்கிவிட்டால் வேகமே குறைந்து, கடுமையான அடைப்பு லேசானதாகத் தோன்றவும் கூடும்.

இதைவிடப் பெரிய குறை, இந்த எண் மூளைக்குப் போய்ச் சேரும் ரத்தத்தைச் சொல்வதில்லை என்பது. 80 சதவீத அடைப்புள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மூளையின் அடியில் உள்ள வில்லிஸ் வளையம் முழுமையாக இருக்கிறது. மறுபக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் ரத்தம் வந்துவிடுகிறது. அவருக்கு ஆபத்து, படிவிலிருந்து பிய்ந்து போகும் ரத்தக்கட்டிதான். மற்றவருக்கு வளையத்தில் இணைப்புகள் இல்லை. சிறு நாளங்கள் ஏற்கெனவே முழுதும் விரிந்து சமாளித்துக்கொண்டிருக்கின்றன. ரத்த அழுத்த மாத்திரை கொஞ்சம் கூடிப்போனாலும், இரு பெரிய தமனிகளின் எல்லை சந்திக்கும் பகுதியில் மூளைத்திசு மடியலாம். ரிப்போர்ட்டிலோ இருவருக்கும் ஒரே எண்.

அப்படியானால் ரத்த ஓட்டத்தை அளந்தே அறுவைக்கு ஆள் தேர்ந்தால் என்ன? கழுத்துத் தமனி முழுதும் அடைபட்டவர்களிடம் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2011இல் வெளியான 'காஸ்' ஆய்வு, ரத்தம் போதாமல் தவிக்கும் மூளை யாருக்கு என்பதை பெட் ஸ்கேனில் கண்டறிந்து, அவர்களில் ஒரு பிரிவினருக்கு பைபாஸ் செய்தது. ரத்த ஓட்டம் மேம்பட்டது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் பாதிப்பு பைபாஸ் பிரிவில் 21, மருந்து மட்டும் பெற்ற பிரிவில் 22.7 சதவீதம், ஏறக்குறைய சமம். அறுவையை அடுத்த 30 நாட்களுக்குள்ளேயே 14.4 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்ததுதான் காரணம். மருந்துப் பிரிவில் அது 2 சதவீதம்.

ஆகவே சதவீதத்தைத் தூக்கி எறிய முடியாது. யாருக்கு அறுவை என்பதற்கு இன்றும் அதுவே நம்பகமான அளவுகோல். பக்கவாதம் வந்த இரண்டு வாரங்களுக்குள் செய்தால் பலன் அதிகம் என்பதும் உறுதியாகியிருக்கிறது. ஆனால் அந்த நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை ரத்த ஓட்டமே சொல்லும். அறுவைக்கு முன் அழுத்தத்தை எவ்வளவு குறைக்கலாம், எதிர்த்தமனியையும் பின்தமனிகளையும் நம்பலாமா என்பவை அதில் அடங்கும். பல காலம் பட்டினி கிடந்த மூளைக்குள் திடீரென ரத்தம் பாய்ந்தால் கசிவு ஏற்படலாம் என்பதால், அறுவைக்குப் பின் அழுத்தத்தை எவ்வளவு இறுக்கமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதும் அதைப் பொறுத்ததே. கழுத்தையும் தலையையும் சேர்த்து எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமில் வில்லிஸ் வளையம் தெரிகிறது, எம்.ஆர்.ஐ.யில் பாதிப்பு எல்லைப் பகுதியிலா, சிதறலாகவா என்பது தெரிகிறது. இவற்றைச் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே எழுதுவதைக் கட்டாய நடைமுறையாக்க வேண்டும்.